முப்பத்தொன்பது துவாய்

நாலு மணிக்கு விடுதியின் பின்கதவால்
நாற்பது ஈரத் துவாய் எண்ணித் தருவார் மனேச்சர்.
கரியரில் அடுக்கி ரியூப் வாரால் இறுக்கினால்
சைக்கிள் ஒருதரம் முனகும்.
உப்புவெளி றோட்டில் உல்லாசப் பயணிகளுக்கு ஒதுங்கி
விலாவில் அடிக்கும் கச்சானுக்குத் தலை குனிந்து
சாம்பல்தீவுக்கு உழக்குவேன்.

பாலத்து ஏற்றத்தில்தான் அது நடக்கும்.
இருந்து மிதித்தால் ஏறாது.
எழும்பி நின்று வலக்காலில் முழுப்பாரமும் போடுவேன்.
டக்.
செயின் இழுத்த பக்கம் சில்லு முன்னே ஓடி
ரயர் இடப்பக்கம் சாய்ந்து பிறேமைக் கடிக்கும்.
பிறகு வீடுமட்டும் உருட்டல்,
ரப்பர் தேயும் மணத்தோடு.

போன வெள்ளி உருட்டவும் முடியவில்லை.
சைக்கிள் சரிந்து, வார் அறுந்து,
ஒரு துவாய் மணல் லொறிக்குக் கீழே போனது.
அடுத்த நாள் முப்பத்தொன்பது என்றேன்.
எண்ணூற்றைம்பது ரூபா, என்றார் மனேச்சர்,
தலை நிமிராமல் எழுதிக்கொண்டு.

நட்டை இறுக்கு, என்றான் ஓட்டோக்காரன்.
நட்டை இறுக்கு பிள்ளை, என்றார் பாணுக்கு நின்றவர்.
சந்தியில் நின்ற சிப்பாய்கூடச் சிங்களத்தில்
அதைத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்,
கையால் முறுக்கிக் காட்டினான்.
இறுக்கினேன்.
சாவிக்கு மேல் ஏறி நின்று இறுக்கினேன்.
மரை அழிந்த நட்டு ஒன்று
இப்போது என் சில்லறைப் பையில் கிடக்கிறது.
கடைக்காரர் ஒருநாள் அதைப் பத்து ரூபா என்று எடுக்கப் பார்த்தார்.

ஞாயிறு இரவு குசினி வாசலில்
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தினேன்.
மச்சாள் தயாநிதி டோர்ச் பிடித்தாள்,
மற்றக் கையால் நுளம்பு அடித்தபடி.
அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் சுவருக்கு ஓடியது.

கழற்றிப் பார்த்தால் பெயின்ற்.
மாசியில் நானே அடித்தது,
வஸ்தியாம்பிள்ளையின் வள்ளத்துக்கு வாங்கியதில் மிச்ச நீலம்.
துரு பிடிக்கக்கூடாதென்று மூன்று தரம்,
சில்லு பூட்டுகிற காதிலும் விடாமல்.
நட்டு இவ்வளவு நாளும் இரும்பைப் பிடிக்கவில்லை,
என் நீலத்தைத்தான் பிடித்திருக்கிறது.
அது அமர்ந்து அமர்ந்து மெலிய
திரும்பாத நட்டும் தளர்ந்திருக்கிறது.
வாசரைப் பார்த்தேன். ஒரு முகம் வழவழப்பு, மறுமுகம் பல்.
பல்லை வெளியே பார்க்க வைத்ததும் நான்தான்.

எனக்குத் தெரிந்த பாடம் கொடிக்கயிற்றுப் பாடம்.
நைலோனில் ஈரத் துவாய் நில்லாது,
எத்தனை கிளிப் போட்டாலும் கச்சானோடு வழுகிப் போகும்.
தும்புக்கயிற்றில் கிளிப்பே வேண்டாம்.

மீன்கத்தியால் சுரண்டினேன்,
வெள்ளிச் செதில் தெரியும்வரை.
கழித்த காசுக்கு அந்தத் துவாய் என்னுடையதுதானே,
லொறி ரயர் பதிந்த பக்கத்தால்
எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் துடைத்தேன்.
மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய்,
வாசர் முகத்துக்கு அதுவும் இல்லை.
பல் உள்ளே.
ரயருக்கும் பிறேமுக்கும் நடுவே
இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல்.
வலது கொஞ்சம், இடது கொஞ்சம்,
மறுபடி வலது.
செயின் அரை அங்குலம் தொய்ந்தது, போதும் என்று விட்டேன்.

துவாய்க்கு அறை இலக்கம் எழுதுகிற அழியா மையால்
இரண்டு காதிலும் ஒவ்வொரு கோடு கீறினேன்,
சில்லு இருக்கிற இடத்துக்கு நேரே.
'அதென்ன, சில்லுக்கும் அறை குடுக்கிறியோ?' என்றாள் தயாநிதி.

திங்கள், நாற்பது துவாய்.
பாலத்தில் எழும்பி நின்றேன்.
வலக்கால் கீழே போய் மேலே வந்தது.
அந்தச் சத்தத்துக்காகத் தோள் இறுகி
காத்துக்கொண்டே மறுகரை இறங்கிவிட்டேன்.
தூண்டில் போட்டிருந்த பெடியன் திரும்பியும் பார்க்கவில்லை.

முற்றத்தில் இறக்கியதும் குனிந்து பார்த்தேன்.
இடது கோடு அப்படியே.
வலது கோடு
மயிரிழை விலகினதுபோல.
கருகல் நேரம், வெளிச்சம் காணாது.
துவாயை ஊற வைத்தேன்.
காலமை பார்ப்பம்.